வளைவு மேடமும் குறுக்கு வழியும்

ஊரின் பூங்காக்களுக்குள் ஓடும் நடைபாதைகள் எல்லாம் ஒரே ஆளின் பொறுப்பில் இருந்தன. ஏரியைச் சுற்றி வரும் நீலப் பாதை, மரத்தோப்புக்குள் நுழையும் மஞ்சள் பாதை, சைக்கிள்காரர்களும் நடக்கிறவர்களும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொள்வதற்கென்றே போட்டது போன்ற சிவப்புப் பாதை, கடைசியாகக் குன்றின்மேல் ஏறும் பச்சைப் பாதை. அலுவலகச் சுவரில் மாட்டியிருந்த வரைபடத்தில் நான்கும் கைகோத்துக்கொண்டு அழகாக நின்றன. வரைபடத்தில் மனிதர்கள் கிடையாது. அதனால் அங்கே எந்த வம்பும் இல்லை.

பொறுப்பாளர் ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண். பூங்கா அலுவலகத்தில் தட்டச்சு செய்யச் சேர்ந்தவள். முன்பு பொறுப்பாளர் நாற்காலியில் இருந்தவர் ஓய்வு பெற்றபோது, இது நடக்க வேண்டிய வேலை என்று தெரிந்ததும் மற்ற எல்லோருக்கும் ஒரே நாளில் முழங்கால் வலி வந்துவிட்டது. அவளுக்கு மட்டும் வரவில்லை. மழை பெய்தால் மற்றவர்கள் ஜன்னலைச் சாத்துவார்கள். அவள் குடையை எடுத்துக்கொண்டு பூங்காவுக்குப் போய், தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று நின்று பார்ப்பாள். அப்படிப் பார்த்துப் பார்த்தே தொழிலைக் கற்றுக்கொண்டாள்.

நேரில் அவள் மேடம். முதுகுக்குப் பின்னால் வளைவு மேடம். மேட்டில் ஏறும் பாதை நேராகப் போகவே கூடாது என்பது அவள் பிடிவாதம். நேராகப் போட்டால் மழைத் தண்ணீரும் அதிலேயே இறங்கும், மண்ணை வாரிக்கொண்டு போகும், இரண்டு மழையில் பாதை வாய்க்காலாகிவிடும். வளைந்து வளைந்து ஏறினால் தண்ணீர் குறுக்கே வழிந்து புல்லுக்குள் போய்விடும், ஏறுகிறவருக்கும் மூச்சு வாங்காது. இதை ஊர்க் குழுத் தலைவர் முதல் டீ கொண்டு வருபவர் வரை எல்லோருக்கும் காற்றில் பாம்பு வரைந்து விளக்கியிருக்கிறாள். வீட்டில் காய் நறுக்கும்போதும் விளக்குவாள். கையில் கத்தி இருப்பதால் கணவர் சற்றுத் தள்ளியே நின்று கேட்பார்.

பச்சைப் பாதை அவள் முழுக்க முழுக்கத் தன் கையால் போட்டது. ஒரு கட்டு சின்னக் கொடிகளோடு குன்றில் ஏறி இறங்கி, குத்தி, பிடுங்கி, ஓரடி தள்ளிக் குத்தி, மறுநாள் அதையும் பிடுங்கி, ஒரு கோடைக்காலம் முழுக்க அலைந்து கண்டுபிடித்த கோடு. பெரிய மரங்களின் வேரில் மிதிக்காமல் ஒதுங்கிப் போகும். மேல் திருப்பத்தில் ஒரு பெஞ்ச். அதில் உட்கார்ந்தால் ஏரி முழுசாகத் தெரியும். ரோட்டுத் துறை அலுவலகத்தை மட்டும் ஒரு மரம் மறைத்துவிடும். அந்த மரத்துக்காகவே பெஞ்சை மூன்று முறை இடம் மாற்றினாள்.

எல்லாம் சரி. அதில் யாரும் நடக்கவில்லை.

குன்றின் அடிவாரத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு. உச்சியில் பேருந்து நிறுத்தம். குடியிருப்பு வாசலை விட்டு வெளியே வருகிறவர் கண்ணுக்கு நிறுத்தம் நேராகத் தெரிகிறது. கண்ணுக்குத் தெரிகிற இடத்துக்குச் சுற்றிப் போகிறவர் யார்? எல்லோரும் புல்லை மிதித்துக்கொண்டு நேராக ஏறினார்கள். புல் செத்தது, மண் தெரிந்தது, ஒரு வழி உண்டானது. அலுவலகக் காகிதத்தில் அதற்கு ‘முறைசாரா நடைவழி’ என்று பெயர். குடியிருப்பில் அதற்குக் ‘குறுக்கு’ என்று பெயர்.

அவள் முதலில் ஒரு போர்டு வைத்தாள்: ‘இது பாதை அல்ல.’ மறுவாரமே அது ஊருக்கு அடையாளமாகிவிட்டது. “அந்தப் ‘பாதை அல்ல’ போர்டுகிட்ட நில்லு, அஞ்சு நிமிஷத்துல வந்துடறேன்” என்று போனில் பேசிக்கொண்டார்கள். முள்செடி நட்டாள், செடியை இரண்டு பக்கமும் சுற்றிப் போனார்கள், ஒரு குறுக்கு இரண்டு குறுக்கானது. வெட்டிய மரத்துண்டு ஒன்றைக் குறுக்கே போட்டாள். ஏறுகிறவர்கள் அதில் உட்கார்ந்து இளைப்பாறி, இப்போதாவது பூங்கா ஆபீசுக்குப் புத்தி வந்ததே என்று மெச்சிக்கொண்டார்கள். கயிறு கட்டினாள், பிடித்துக்கொண்டு ஏற வசதியாக இருந்தது.

கடைசியில் குடியிருப்பு மக்களைக் கூட்டிப் பேசினாள். படம் போட்டுக் காட்டினாள், பாம்பு வரைந்தாள். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். மண் அரிப்பு எவ்வளவு மோசம் என்று அவளைவிட ஆவேசமாக ஒருவர் பேசினார். கூட்டம் முடிந்ததும் கைதட்டிவிட்டு, ஆவேசக்காரரை முன்னால் விட்டு, எல்லோரும் குறுக்கு வழியாகவே பேருந்துக்குப் போனார்கள்.

அவள் வீடும் அதே குடியிருப்பில்தான். அந்த வரிசையில் அவள் கணவரும் இருந்தார். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. ஊர் முழுக்கப் பார்வை சரிசெய்கிறவர்.

“நீங்களாவது சுத்திப் போகக் கூடாதா? ஊரு என்ன பேசும்?”

“போகலாம். உன் பாதையில போனா கடை மதியம்தான் திறக்கும். பரவாயில்லையா?”

“ஏழு நிமிஷம் ஜாஸ்தி. அவ்வளவுதான்.”

“ஏழு நிமிஷம் தூங்கலாமே.”

மாடி வீட்டிலிருந்து கணவரின் தங்கை எட்டிப் பார்ப்பாள். குடியிருப்பில் நடக்கிற எதுவும் அவள் வாய் வழியாகத்தான் ஊருக்குப் போகும். “அண்ணி, கோவிச்சுக்காதீங்க. உங்க பாதை நல்லாத்தான் இருக்கு. போட்டோவுல பாத்தேன்.”

இந்த நிலையில் ஒரு பெருமழை அடித்தது. குறுக்கு வழி வாய்க்காலாகி, அவள் வைத்த போர்டு, செடி, மரத்துண்டு, கயிறு எல்லாவற்றையும் குன்றின் மண்ணோடு வாரிக்கொண்டு வந்து, குடியிருப்பின் கார்களுக்கு அடியில் சேறாகக் கொட்டியது. அடுத்த குழுக் கூட்டத்துக்கு ரோட்டுத் துறை இன்ஜினியர் சிரித்த முகத்தோடு வந்தார். குன்றின்மேல் அவருக்கு நெடுநாள் ஆசை. உச்சிவரை நேராக ஒரு கான்கிரீட் சாலை, இரண்டு பக்கமும் தடுப்புச் சுவர், மேலே வண்டி நிறுத்த இடம். எல்லாவற்றையும் வரைந்தே கொண்டுவந்திருந்தார். அவருடைய வரைபடத்திலும் மனிதர்கள் இல்லை. மரங்களும் இல்லை.

தலைவர் இரண்டு பக்கமும் கேட்டுவிட்டுச் சொன்னார்: “அடுத்த மழைக்காலம் முடியறப்போ நானே வந்து பாப்பேன். அந்தச் சரிவுல புல்லு பிடிச்சிருந்தா குன்று பூங்காவோட இருக்கட்டும். இல்லைன்னா ரோட்டுத் துறைக்கு. என்னம்மா, சரிதானே?”

“சரிங்க சார்” என்றாள்.

குன்று போய்விடும் என்ற பயத்தில் அவளுக்குத் தோன்றியது இன்னும் இரண்டு போர்டு. அலுவலகத்திலேயே வாழ்ந்தவளுக்கு வேறென்ன தோன்றும்? பச்சைப் பாதை தொடங்கும் இடத்தில் வைக்க ஒரு பெரிய போர்டு: ‘வருக! இப்பாதையில் மெதுவாக நடக்கவும். மூச்சை ஆழமாக இழுத்து மகிழவும். சத்தமாகப் பேச வேண்டாம். இயற்கையை ரசிக்கவும். இடப்புறமாகவே ரசிக்கவும்.’ குறுக்கு வழியின் வாயில் வைக்க இன்னொன்று: ‘இவ்வழி மூடப்பட்டது. மீறி நுழைவோர் மீது நடவடிக்கை எடுக்கப்படும்.’ கூடவே ஒரு சங்கிலி. இரண்டு வழியும் குடியிருப்பு வாசலில் பக்கத்துப் பக்கத்தில்தான் பிரிகின்றன. எனவே, போர்டு நடுகிறவரிடம் இடத்தைச் சொன்னால் போதும் என்று நினைத்தாள். “வாசல்ல ரெண்டு வழி பிரியும். பாதைக்கு ‘வருக’. மத்ததுக்கு ‘மூடப்பட்டது’” என்று சொல்லிவிட்டு வெளியூர்ப் பயிற்சிக்குக் கிளம்பினாள். பயிற்சியின் தலைப்பு ‘நடப்பவர் மனதை அறிதல்’. ஒரு வாரமும் நாற்காலியில் உட்கார்ந்தே அறிந்தார்கள்.

திரும்பி வந்த அன்று காலை நேராகக் குன்றுக்குப் போனாள். மண் தேய்ந்து பளபளத்த குறுக்கு வழியில் ‘வருக!’ என்று நின்றது. அவள் பார்த்துப் பார்த்துப் போட்ட பச்சைப் பாதையில் சங்கிலி தொங்கியது. ‘மூடப்பட்டது.’

போர்டுகாரரைப் போனில் பிடித்தாள். “என்ன வேலை பண்ணி வெச்சிருக்கீங்க?”

“ஏன் மேடம், சாஞ்சிடுச்சா?”

“மாத்தி நட்டிருக்கீங்க!”

“மாத்தியா? நீங்கதானே மேடம் சொன்னீங்க, பாதைக்கு ‘வருக’ன்னு. வந்து பாத்தேன். ஒண்ணுல ஆளுங்க போய்ப் போய் வழுவழுன்னு இருக்கு. இன்னொண்ணுல புல்லு முளைச்சுக் கிடக்கு. எது பாதை, எது மூடினதுன்னு சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியுமே மேடம்.”

அவள் வாயைத் திறந்தாள். திட்டுவதற்கு வார்த்தையும் தயாராக இருந்தது. அந்த நேரம் பார்த்துக் குடியிருப்பு வாசலிலிருந்து ஒருவர் வந்தார். கூட்டத்தில் ஆவேசமாகப் பேசியவர். ‘வருக’ போர்டின் முன் நின்று முழுக்கப் படித்தார். முகம் சுளித்தார். பக்கத்துப் போர்டையும் படித்தார். இடமும் வலமும் பார்த்தார். பிறகு கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, சங்கிலிக்குக் கீழே குனிந்து, பச்சைப் பாதையில் விறுவிறுவென்று போய் மறைந்தார். பின்னாலேயே இரண்டு பெண்கள்.

“உள்ளே என்னமோ பண்றாங்கடி.”

“பெரிய ஆளுங்களுக்குன்னு தனியா வெச்சிருப்பாங்க. நமக்கு அந்தச் சறுக்கு மண்ணு, ‘மகிழவும்’னு போர்டு வேற. வா, என்னன்னு பாத்துடலாம்.”

“மேடம்? லைன்ல இருக்கீங்களா? வந்து மாத்தி நட்டுடவா?” என்றார் போர்டுகாரர்.

“இருக்கட்டும்” என்றாள் அவள் மெல்ல. “கொஞ்ச நாள் போகட்டும்.”

கொஞ்ச நாளில் பச்சைப் பாதையில் புல் செத்தது. குறுக்கு வழியில் புல் முளைத்தது. ‘வருக’ என்று கூப்பிட்டதிலிருந்து குறுக்கு வழியின்மேல் ஊருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. காசு வாங்கப் போகிறார்கள், கேமரா வைத்திருக்கிறார்கள், நடப்பவர்களை எண்ணி எங்கேயோ அனுப்புகிறார்கள் என்று ஆளுக்கொரு செய்தி. மூடின பாதையோ நடக்க நடக்கப் பிடித்துப்போனது. முதலில் சும்மா வேடிக்கை பார்க்க நுழைந்தவர்கள், பிறகு வேலைக்குப் போகிறவர்கள், பிறகு கையில் பையோடு கடைக்குப் போகிறவர்கள். மூச்சு வாங்காமல் மேலே வந்து சேர்ந்ததைத் திருட்டுச் சரக்கு கிடைத்தது போலக் குசுகுசுவென்று சொல்லிக்கொண்டார்கள்.

வீட்டில் கணவர் ஒரு நாள் செருப்பைக் கழற்றாமலே சமையலறைக்கு வந்தார்.

“உன் பாதையை மூடிட்டாங்களாமே? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே.”

“அது வந்து…”

“யாரு, அந்த ரோட்டுக்காரன் வேலையா? நீ பேசாம இரு. நான் இன்னிக்கு அதுலதான் போனேன். நாளைக்கும் போவேன். என்ன பண்ணிடுவாங்க?”

“கடைக்கு நேரமாகுமே.”

“கடை கிடக்குது. ஏன், ஏழு நிமிஷம் முன்னாடி எழுந்தா ஆகாதா?” என்றார், இத்தனை வருடம் அவள் கேட்ட கேள்வியைத் தானே கண்டுபிடித்தவர் போல. “ஆனா ஒண்ணு சொல்லணும். நீ திறந்து வெச்சிருந்தப்போ இவ்வளவு நல்லா இல்ல. மூடினப்புறம்தான் நல்லா ஆயிருக்கு.”

அவள் பாத்திரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டாள். உண்மையைச் சொன்னால் கணவர் தங்கையிடம் சொல்வார். தங்கை அறிந்தால் குடியிருப்பு அறியும். அறிந்த மறுநாள் எல்லோரும் குறுக்கு வழிக்குத் திரும்பிவிடுவார்கள், குன்று கான்கிரீட்டுக்குப் போய்விடும். பச்சைப் பாதை அவளுடையதுதான். நன்றாக இருக்கிறது என்று ஊரே சொல்கிறது. அவள் மட்டும் வாயைத் திறக்கக் கூடாது. சம்பளம் வாங்கிக்கொண்டு செய்த வேலைக்கு இப்படி ஒரு தண்டனை உலகத்தில் வேறு யாருக்காவது கிடைத்திருக்குமா என்று யோசித்தாள்.

மழைக்காலம் வந்தது. ஒவ்வொரு மழைக்கும் குடையோடு போய் நின்றாள். குறுக்கு வழியில் பிடித்திருந்த புல் மண்ணை விடவில்லை. பச்சைப் பாதையில் விழுந்த தண்ணீர் குறுக்கே வழிந்து காணாமல் போனது. குடியிருப்பின் கார்கள் சேறில்லாமல் நின்றன. தலைவர் வந்து பார்க்க இன்னும் ஒரு வாரம்தான் என்று அவள் நிம்மதியாக மூச்சு விட்டபோது, நாத்தனார் படியிறங்கி ஓடி வந்தாள். பின்னாலேயே கணவரும்.

“அண்ணி! உங்களுக்குத் தெரியாம ஒரு வேலை பண்ணிட்டோம். இனிமே ரகசியம் எதுக்கு? குடியிருப்பு முழுக்கக் கையெழுத்து வாங்கி, உங்க பாதையைத் திறக்கணும்னு தலைவர்கிட்டயே மனு கொடுத்துட்டோம். அண்ணன்தான் முதல் கையெழுத்து.”

“ஐயோ!”

“பாத்தீங்களா அண்ணா, அண்ணிக்கு அழுகையே வந்துடுச்சு.”

குழுக் கூட்டத்தில் தலைவர் பூரித்துப்போயிருந்தார். காலையிலேயே அடிவாரம் வந்து பார்த்திருந்தார். “பிரமாதம்மா. அந்த ‘வருக’ பாதை இருக்கே, நடுவுலகூடப் புல்லு! இவ்வளவு பசுமையான பாதையை நான் எங்கேயும் பாத்ததில்ல. ஒரு குப்பை இல்ல, ஒரு காலடித் தடம் இல்ல.”

“ஜனங்க மெதுவா நடக்கறாங்க சார்” என்றாள் அவள்.

“அப்புறம் ஒரு சந்தோஷ சமாச்சாரம். அந்த மூடின பாதையைத் திறக்கச் சொல்லி மனு வந்திருக்கு. உங்க கையால போட்டதாமே? ரிப்பனை நானே வெட்டறேன். உங்க பேரு போட்டு ஒரு பெரிய போர்டும் வெச்சுடலாம்.”

தன் பெயர் போட்ட போர்டு ஒரு கணம் அவள் கண்முன் வந்து நின்றது. நல்ல தேக்குச் சட்டம், வெள்ளை எழுத்து. அதன் பக்கத்தில், போர்டைப் படித்துவிட்டு முகம் சுளித்துக் குறுக்கே திரும்பும் ஆவேசக்காரரும் தெரிந்தார்.

“வேண்டாங்க சார்.”

“கூச்சப்படாதீங்கம்மா.”

“கூச்சம் இல்ல சார். அந்தப் பாதை… சரியில்ல.”

ரோட்டுத் துறை இன்ஜினியர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “என்ன சரியில்ல?”

அவள் மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “வளைவு ஜாஸ்தி.”

கூட்டக் குறிப்பு எழுதுகிறவர் பேனாவை நிறுத்திவிட்டு, தன் காது சரியாக இருக்கிறதா என்று பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார்.

“தேவையில்லாத இடத்துலயெல்லாம் வளைச்சிருக்கு. பெஞ்சும் தப்பான இடத்துல இருக்கு. விவரம் தெரியாம போட்டது. திறந்தா யாராவது விழுந்து வைப்பாங்க, நம்ம தலையில வந்து விடியும்.”

“யாரு போட்டதுன்னு சொன்னீங்க?” என்றார் இன்ஜினியர், தெரிந்தே.

“நான்தான் சார்.”

“இதைத்தான் நான் முதல்லேர்ந்து சொல்றேன். இவங்களுக்குக் குன்று வேலை வராது. எங்ககிட்ட கொடுத்துடுங்க.”

தன் பாதையைத் தானே வெட்டியது போதாதென்று, குன்றையும் கூடவே தூக்கிக் கொடுத்துவிட்டோமோ? ஆனால் தலைவர் கையைக் காட்டி இன்ஜினியரை அடக்கினார்.

“இருப்பா. ஒண்ணு தப்பா போச்சு, ஒண்ணு நல்லா வந்திருக்குல்ல? புல்லை நான் என் கண்ணால பாத்தேன். குன்று பூங்காவோடவே இருக்கட்டும். அந்த வளைஞ்ச பாதை மூடினது மூடினபடியே இருக்கட்டும். தன் தப்பைத் தானே ஒத்துக்கிற அதிகாரியை இந்த ஆபீசுல இப்பத்தான்மா பாக்கறேன்.” குறிப்பு எழுதுகிறவரைப் பார்த்து, “இதை எழுதிக்கப்பா” என்றார். அவர் எழுதிக்கொண்டார்.

வீட்டில் செய்தி அவளுக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது. கணவர் அவளை வாசலிலேயே பிடித்தார். “உன் பாதையை நீயே மோசம்னு சொன்னியாமே? நிஜமா?”

“ஆமாங்க.”

“நான் போய் முதல் கையெழுத்துப் போட்டுட்டு நிக்கறேன், நீ அங்க இப்படிச் சொல்லிட்டு வர்றே. என் மானம் போச்சு.”

“மூடினது மூடினதுதான். இனிமே அதுல போகாதீங்க.”

“போவேன். நீயே மூடினாலும் போவேன். அது நல்ல பாதை. உனக்கு என்ன தெரியும்?”

“சரி, போங்க” என்றாள். சாப்பாடு எடுத்து வைக்கப் போகும்போது அவள் முகத்தில் இருந்தது சிரிப்பா, வேறெதுவுமா என்று அவருக்குத் தெரியவில்லை. நாத்தனார் மாடியிலிருந்து இறங்கவே இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, மழைக்குப் பிறகு பாதை எப்படி இருக்கிறது என்று பார்க்க, தலையில் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு அவளும் சங்கிலிக்குக் கீழே குனிந்து நுழைந்தாள். பாதி தூரத்தில் ஐந்தாறு பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். வீட்டுத் துடைப்பம், ஒரு பழைய வாளி. தண்ணீர் வடிகிற இடத்தில் அடைத்திருந்த இலையையும் சேற்றையும் அள்ளிக்கொண்டிருந்தார்கள். யாரும் சொல்லாமல், சம்பளம் இல்லாமல், அவள் ஆட்கள்கூடச் செய்யாத சுத்தத்தோடு. அவள் கால் அங்கேயே நின்றுவிட்டது.

“ஏம்மா, சும்மா நிக்கறீங்க?” என்றார் வாளிக்காரர். முகம் தெரியாதவர். “கீழே பாத்துக்கிட்டு நில்லுங்க. பூங்கா ஆபீசுல ஒரு பொம்பள இருக்காளாம், பெரிய ராட்சசியாம். நல்ல பாதையைப் பிடிவாதமா மூடி வெச்சிருக்கா. அவ வந்தா விசில் அடிங்க.”

“எனக்கு விசில் அடிக்க வராதுங்க.”

“அப்ப இருமுங்க.”

அவள் கீழே பார்த்துக்கொண்டு நின்றாள், தான் வந்துவிடாமல் காவல். சிறிது நேரத்தில் கீழ்த் திருப்பத்தில் இரண்டு தலை தெரிந்தது. கணவரும் நாத்தனாரும் பேசிக்கொண்டே ஏறி வந்தார்கள். இன்னும் ஒரு திருப்பம் தாண்டினால் அந்த வாய் “அண்ணி!” என்று இத்தனை பேர் முன்னால் கூவும், அதிகாரியே நடக்கிற பாதையில் அப்புறம் எவர் நடப்பார்?

அவள் இருமினாள். குன்று அதிர இருமினாள். வாளியும் துடைப்பமும் பறந்தன. எல்லோரும் விழுந்தடித்துப் புதருக்குள் ஓடினார்கள். எல்லோருக்கும் முன்னால் உள்ளே நுழைந்தவள் அவள்தான்.